எஃப்பிஐ சான்றிதழ்: ரேகை அட்டை திரும்பி வந்தால்

வணக்கம் சகோ. கனடா பி.ஆருக்காக (நிரந்தர வசிப்புரிமை) அமெரிக்காவின் எஃப்பிஐ தரும் குற்றப் பதிவுச் சான்றிதழ் வாங்க, உங்கள் ஊர் போலீஸ் டிபார்ட்மென்டில் எடுத்த விரல் ரேகை அட்டை தெளிவில்லை என்று திரும்பிவிட்டதா? பதறாதீர்கள். எனக்கும் முதல் முறை அப்படித்தான் ஆனது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழவழப்பாகிவிட்டது.

ஒரு வாரம் தினமும் இரவில் கைக்குக் க்ரீம் தடவுங்கள். ரேகை எடுக்கும் நாளில் மட்டும் வேண்டாம். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டுப் போங்கள். மை அதிகமானால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலைத் தளர்வாக விடுங்கள், அலுவலரே நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உருட்டட்டும். எஃப்டி-258 என்ற விரல் ரேகைப் படிவ அட்டையில் இரண்டு மூன்று பிரதி எடுத்து எல்லாவற்றையும் அனுப்புங்கள். எஃப்பிஐ கட்டணம் 18 டாலர். இணையத்தில் விண்ணப்பித்தால் சில தபால் நிலையங்களில் மையில்லாமல் ஸ்கேனரிலேயே எடுக்கலாம்; உங்களுக்கு அதுதான் நல்லது.

"இதே ரேகையில் கைத்துப்பாக்கி பெர்மிட்டும் வாங்கலாமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம்.