இறக்குமதி கார் இன்சூரன்ஸ்: பழைய காரோட நோ கிளெய்ம் போனஸை (என்சிபி) விட்டுடாதீங்க

மார்த்தாண்டத்துல இருந்து எழுதின அண்ணே, இறக்குமதி காருக்கு பிரீமியம் தலை சுத்துது, தேர்டு பார்ட்டி (அடுத்தவங்களுக்கு நாம ஏற்படுத்துற சேதத்துக்கான பாலிசி) மட்டும் போட்டா போதுமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு வேண்டாம்.

போன வருஷம் வித்த காருக்கு ஆறு வருஷமா கிளெய்மே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் உங்க கைமுதல். கிளெய்ம் பண்ணாததுக்குக் கிடைக்கிற தள்ளுபடிதான் என்சிபி; அது வண்டிக்கு இல்ல, ஆளுக்கு. பழைய இன்சூரன்ஸ் கம்பெனியில அதுக்கான சர்டிபிகேட் வாங்குங்க, மூணு வருஷம் செல்லும். ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கான) பிரீமியத்துல 50 சதவீதம் குறையும்.

பிரீமியம் இன்னும் குறையணும்னா வாலண்டரி டிடக்டிபிளை, அதாவது கிளெய்ம்ல நாமளே ஏத்துக்கிற தொகையை, கொஞ்சம் கூட்டலாம். ஐடிவியை (பாலிசியில வண்டிக்குப் போடுற மதிப்பு) மட்டும் குறைக்காதீங்க, களவு போனா அந்தத் தொகைதான் கைக்கு வரும். பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காம தர்ற ஜீரோ டெப்பும் கண்டிப்பா வேணும். கொளச்சல்ல மீன் லாரி இடிச்சு என் பம்பர் ரெண்டா பிளந்தப்ப, பிளாஸ்டிக்னு சொல்லி தேய்மானம் கழிச்சு பாதிதான் தந்தாங்க. உங்க வண்டி பம்பர் விலைக்கு அந்தப் பாதியே பெரிய காசு.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் கொட்டும், தண்ணி புகுந்து எஞ்சின் கெட்டா கைகொடுக்கிற எஞ்சின் கவரையும் சேர்த்துக்கோங்க.