சம்பளம் பாக்கி வைத்த விமான நிறுவனத்துக்கு ஆறு மாத நோட்டீஸ் கட்டாயமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். கொச்சியைத் தளமாகக் கொண்ட தனியார் விமான நிறுவனத்தில் என் மகன் துணை விமானியாக இருக்கிறான். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. வேறு நிறுவனத்தில் வேலை தயார். நோட்டீஸ் காலம் இல்லாமலே விடுவித்துத் தருவதாக ஒரு கன்சல்டன்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். விடுவிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2017-இல் வகுத்த விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டு, துணை விமானிக்கு ஆறு மாதம் நோட்டீஸ் காலம். இப்போதைய நிறுவனமே முன்கூட்டி ராஜினாமாவை ஏற்றுத் தடையில்லாச் சான்று தந்தால்தான் அது குறையும். "டெல்லியில் பேசியாயிற்று, நாளையே சேரலாம்" என்று தரகர் சொல்வதை நம்பிப் பறப்பதை நிறுத்தினால், மாட்டிக்கொள்வது தங்கள் மகன்தான். 2023-இல் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போன விமானிகள்மீது ஆகாசா ஏர் என்ற விமான நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்கே தொடர்ந்தது.

ஒரு விலக்கு உண்டு. அதை நிதானமாகப் படியுங்கள். நோட்டீஸ் காலத்தில் நிறுவனம் சம்பளத்தையோ படிகளையோ குறைத்தாலும், வேலை நிபந்தனைகளை விமானிக்குப் பாதகமாக மாற்றினாலும், காலம் முடியுமுன் தம்மை விடுவிக்கும்படி அவர் கேட்கலாம். கேட்கலாம் என்பதுதான் விதி. கேட்டவுடன் விடுதலை என்பதல்ல. அதோடு, குறைப்பு நடப்பது நோட்டீஸ் காலத்துக்குள் இருக்க வேண்டும். மாதம் எழுபது மணி நேரப் பறப்புக்கு உத்தரவாதமாக வந்த ஊதியத்தை ராஜினாமாவுக்குப் பின் நாற்பது மணிக்கு இறக்கினால் அது தெளிவான குறைப்பு. ராஜினாமாவுக்கு முந்தைய இரண்டு மாதப் பாக்கியையோ, "குறைக்கவில்லை, தாமதம்தான்" என்று நிறுவனம் வாதிடும். ஆகவே ராஜினாமாவை முதலில் எழுத்தில் கொடுத்து, அதன்பின் வரும் ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் பழைய சீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எந்தப் படி காணாமல் போயிருக்கிறது என்பதைத் தேதியோடு மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். தொலைபேசிப் பேச்சு எதற்கும் உதவாது.

பாக்கிச் சம்பளம் தனி விஷயம். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும். உங்கள் பாலக்காட்டு மாவட்ட லேபர் ஆபீசில் மனு கொடுத்துப் பயனில்லை. விமானப் போக்குவரத்து மத்திய அரசின் வரம்பில் வருவதால், கொச்சியிலுள்ள மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தையே அணுக வேண்டும். டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுதி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நோட்டீஸ் காலத்தை விதித்த அதே அமைப்பு, ஆகாசா விவகாரத்தில், வேலை ஒப்பந்தத்தில் தலையிடத் தனக்கு அதிகாரமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது! விமானியைக் கட்டிப்போட மட்டும் அதிகாரம் இருக்கிறதாம்.

நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால் சம்பளப் பாக்கியை, அந்த நடவடிக்கையை நடத்தும் தீர்வு நிபுணரிடம் டி படிவத்தில் கோர வேண்டும். 2019-இல் ஜெட் ஏர்வேஸும் 2023-இல் கோ ஃபர்ஸ்டும் நின்றபோது ஊழியர்களின் பாக்கி அப்படித்தான் திவால் நடைமுறைக்குள் போயிற்று. அந்தப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. பூர்த்தி செய்து தருகிறேன் என்று சதவீதம் கேட்டு வருபவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பயிற்சிக்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாக ஒப்புக்கொள்ளும் பயிற்சி பாண்டில் கையெழுத்திட்டிருந்தால் அதன் நகலையும் நியமனக் கடிதத்தையும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே ராஜினாமாக் கடிதம் போகட்டும்.