பூம் லிஃப்டில் கம்பி இருக்கும்போது பெல்ட் எதற்கு?

பூம் லிஃப்டில், அதாவது நீண்ட கையின் நுனியில் உள்ள கூடையில் ஆளை உயரே தூக்கும் வண்டியில், கூடையைச் சுற்றி இடுப்புயரக் கம்பி இருந்தும் பெல்ட் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சாய்ந்து விழுவதைக் கம்பி தடுக்கும், தூக்கி எறியப்படுவதைத் தடுக்காது. கீழே ஒரு சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே போதும், தூண்டில் கோலின் நுனி மாதிரி கூடை எகிறும். ஆள் கம்பியைத் தாண்டிப் போய்விடுவார். அதனால் முழு உடல் ஹார்னஸ் (தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்), நீளம் குறைந்த கயிறு. கொக்கியைக் கூடையில் அதற்கென உள்ள வளையத்தில்தான் மாட்ட வேண்டும். பக்கத்துத் தூணில் மாட்டினால், கூடை நகரும்போது கயிறே உங்களை வெளியே இழுத்துவிடும்.

இதைவிட நான் பயப்படுவது நசுங்குவதற்கு. மேலே பார்க்காமல் உயர்த்தினால் உத்தரத்துக்கும் கன்ட்ரோல் பேனலுக்கும் நடுவே மார்பு மாட்டிக்கொள்ளும். உடல் ஜாய்ஸ்டிக் மீதே சாய்ந்தால் கூடை இன்னும் ஏறும், கத்தக்கூட முடியாது. கீழே நிற்பவருக்கு அவசரமாக இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் அவரை ஒருமுறை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் மின்கம்பி. குறைந்தது 3 மீட்டராவது தள்ளியே இருங்கள், உயர் அழுத்தக் கம்பி என்றால் இன்னும் தூரம். காற்றுக்குப் பல மாடல்களில் நொடிக்கு 12.5 மீட்டர்தான் வரம்பு. கூடையில் பேனரோ தகடோ இருந்தால் அதற்கு முன்பே இறங்கிவிடுங்கள்.