வாய்மொழி உத்தரவு

அன்புள்ள சார்,

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் பிரிவு அதிகாரி எதையும் எழுதித் தரமாட்டார். ‘இந்த பில்லைப் பாஸ் பண்ணு’, ‘அந்த ஃபைலைக் கிடப்பில் போடு’, எல்லாம் வாய்ச்சொல்தான். பின்னால் கேள்வி வந்தால், ‘நான் எப்போ சொன்னேன்?’ என்று எல்லோர் முன்னாலும் கத்துவார். எதிர்த்துப் பேசினால் ஏ.பி.ஏ.ஆரில் (வருடாந்திரப் பணி மதிப்பீட்டு அறிக்கை) கை வைத்துவிடுவேன் என்கிறார். ஞாயிறு சாயங்காலமே எனக்கு வயிறு கலங்க ஆரம்பித்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

அந்த நாற்காலியில் நானும் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவன்.

அவரைத் திருத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1964ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகளில் 3ஆவது விதியை எடுத்துப் படியுங்கள். மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில்தான் இருக்க வேண்டும். வாயால் சொல்ல நேர்ந்தால் உடனே எழுதி உறுதிசெய்ய வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது கீழே இருப்பவரின் பொறுப்பு. 2013இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றமும், வாய்மொழி உத்தரவுகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்றே சொன்னது.

ஆனால் விதி எண்ணைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குள் போகாதீர்கள். நான் போனேன். மேஜையில் இருந்த ஃபைல் என் காலடியில் வந்து விழுந்தது. டேக் அறுந்து தாளெல்லாம் ஃபேன் காற்றில் பறந்தது. பொறுக்கி, பக்க எண் பார்த்து அடுக்கவே அரை மணி நேரம். அடுக்கும்போதுதான் கவனித்தேன்: ஒன்பது பக்கக் குறிப்பில் அவர் கையால் எழுதியது ஒரு வரி இல்லை, இனிஷியல் மட்டும். முன்பு வேறொரு ஊரில் ஆடிட்டில் மாட்டி மனிதருக்கு இன்க்ரிமென்ட் போயிருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. அந்தக் கத்தலில் பாதி, பேனாவைத் தொடும் பயம்.

அப்புறம் முறையை மாற்றினேன். அவர் சொன்னதும் ‘சரி சார்’ என்று இருக்கைக்கு வந்து, ‘இன்று காலை பிரிவு அதிகாரியுடன் பேசியபடி ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று ஒரே வரி. குற்றம் சாட்டும் தொனியே கூடாது. உங்கள் காலத்தில் ஃபைலைக் கணினியிலேயே நகர்த்தும் ஈ-ஆபீஸ் வந்துவிட்டது. அதில் மஞ்சள் குறிப்பு வெறும் வரைவு; திருத்தலாம், அழிக்கலாம். பச்சைக் குறிப்பு அப்படியே நிற்கும். அந்த வரி பச்சையில் ஏறட்டும்.

ஏ.பி.ஏ.ஆர். மிரட்டல், அது ரகசிய அறிக்கையாக இருந்த காலத்துச் சரக்கு. 2008இல் தேவ் தத் வழக்கில், மதிப்பீட்டை ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு வருடமே, மதிப்பெண் உட்பட முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்ட வேண்டும் என்று அரசு ஆணை போட்டது. கைக்கு வந்த 15 நாளுக்குள் ஆட்சேபணை எழுதலாம். அதனால் சுயமதிப்பீட்டில் ‘வழக்கமான பணிகள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள் (நாம் எல்லோரும் செய்வதுதான்). எத்தனை ஃபைல், எத்தனை நாளில் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

என் அதிகாரி கத்துவதை நிறுத்தவில்லை. ஆனால் ‘என்னய்யா எழுதப் போறே?’ என்று முன்கூட்டியே கேட்க ஆரம்பித்தார். கிடப்பில் போடச் சொல்வதும் நின்றது.

ஞாயிறு வயிற்றுக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. எனக்கு அது அவர் மாற்றலாகிப் போன பிறகுதான் சரியானது. அடுத்து வந்தவர் தங்கமான மனிதர். கையெழுத்துதான் எதிலும் போடமாட்டார்.