கீமா இல்லாத குடமிளகாய், கிலோ கணக்கு மீன்

கிரீஸுக்குப் போகிறவர்களும் போய் வந்தவர்களும் அனுப்பிய சாப்பாட்டுக் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அப்பா, அம்மாவோடு ஜூன் மாதம் ஏதென்ஸும் சாண்டோரினியும் போகிறோம். இருவரும் முட்டைகூடத் தொடாத சைவம். பத்து நாளும் சாலட்டும் ரொட்டியும்தானா? — வாசகி, திருச்சி

பதில்: கவலை வேண்டாம். சைவக்காரர்கள் வயிறார உண்ணக்கூடிய ஊர்தான் அது. ஆனால் ‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய சொல் ‘லதெரா’. காய்களைத் தக்காளி, வெங்காயத்தோடு சேர்த்து, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக விட்டு, மெல்லிய தீயில் வேகவைத்த பதார்த்தங்களுக்கு அதுதான் பொதுப்பெயர். பச்சை பீன்ஸ் போட்டால் ஃபசோலாகியா. கத்தரிக்காய், உருளை, சுக்கினி எல்லாம் சேர்ந்து ஓவனில் வெந்தால் பிரியாம். வெண்டைக்காய்க்கு பாமியெஸ். கொழகொழப்பு போக, காம்பைச் சீவி, வினிகர் தெளித்து, வெயிலில் காயவைத்துச் சமைப்பார்கள். நம் வீட்டில் வதக்கும்போது புளித்தண்ணீர் தெளிக்கிற அதே காரியம்தான்.

ஜூனில் போவதால் ‘வ்லீதா’ கிடைக்கும். அது நம் முளைக்கீரை, குப்பைக்கீரை இனம். இளந்தண்டோடு அப்படியே வேகவைத்து, உப்பு, எலுமிச்சை, எண்ணெய் மட்டும் சேர்த்து வரும். தாளிப்பை எதிர்பார்க்காதீர்கள். சாண்டோரினியில் ‘ஃபாவா’ கேளுங்கள். பெயரைப் பார்த்து மொச்சை என்று நினைத்துவிட வேண்டாம்; அது அந்தத் தீவிலேயே விளையும் ஒரு மஞ்சள் பருப்பின் மசியல். மேலே வெங்காயமும் எண்ணெயும் இருக்கும். ரொட்டியோடு அப்பா, அம்மா இருவருக்கும் ஒரு வேளைக்குப் போதும்.

இனி, தடுக்கி விழுகிற இடங்கள். முதலாவது ‘நிஸ்தீஸிமோ’ என்ற சொல். ஆர்த்தடாக்ஸ் நோன்புக்கு ஏற்ற உணவு என்று பொருள். இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் கணவாய், ஆக்டோபஸ், இறால், சிப்பி எல்லாம் அந்த நோன்பில் அனுமதி. ஆகவே ‘நிஸ்தீஸிமோ’ என்று எழுதியிருந்தாலும் சைவம் என்று பொருளில்லை.

இரண்டாவது, யெமிஸ்தா. தக்காளி, குடமிளகாய்க்குள் அரிசி அடைத்து ஓவனில் வேகவைப்பது. சில கடைகளில் அரிசியோடு கொத்துக்கறியும் கலப்பார்கள். கிரேக்கத்திலும் அதற்குப் பெயர் ‘கிமா’, நம் கீமாவேதான். ‘மே கிமா’ என்றால் கீமா போட்டது, ‘ஹோரிஸ் கிமா’ என்றால் போடாதது. கறியில்லாத யெமிஸ்தாவுக்கு ‘ஒர்ஃபனா’, அதாவது ‘அநாதை’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. திராட்சை இலையில் சுருட்டும் தொல்மாதெஸ் விஷயமும் இப்படித்தான். அதில் ‘யலாஞ்சி’ என்றால் கறியில்லாதது. அந்தத் துருக்கிச் சொல்லுக்குப் பொய்யன் என்று பொருள். கறி இருப்பதாகப் பாசாங்கு செய்கிறதாம்!

மூன்றாவது, தொட்டுக்கொள்ளும் பசைகள். ட்ஸட்ஸிகி தயிரும் வெள்ளரியும் பூண்டும். மெலிட்ஸானோசலாதா சுட்ட கத்தரிக்காய். இரண்டையும் தைரியமாக வாங்கலாம். பக்கத்திலேயே வெளிர் இளஞ்சிவப்பாகச் சாதுவாக உட்கார்ந்திருக்கும் தரமோசலாதா மீன் முட்டையில் செய்தது. கீரை அடையில் ஃபெட்டா என்ற பாலாடைக்கட்டியோடு முட்டையும் இருக்கும். சுக்கினி வடையிலும் பெரும்பாலும் முட்டை உண்டு. ஃபெட்டாவைப் பாரம்பரியமாக விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். அதையும் பார்ப்பவர்களானால் சாலட்டை ‘ஹோரிஸ் ஃபெட்டா’ என்று சொல்லி வாங்குங்கள்.

உட்கார வேண்டிய இடம் ‘மாயிரியோ’. (பெயரைத் தெருவில் உரக்கச் சொல்லிப் பழகாதீர்கள்.) காலையிலேயே சமைத்த பண்டங்களைத் தட்டுத் தட்டாகக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். எழுந்து போய் விரலால் காட்டிக் கேட்பது அங்கே வழக்கம்தான். மதியம் இரண்டு மணிக்கு முன்னால் போனால் எல்லாத் தட்டும் நிறைந்திருக்கும். நாலு மணிக்குப் போனால் லதெராதான் முதலில் தீர்ந்திருக்கும்.

கேள்வி: ஒரு தீவில் கடலோரக் கடை. அட்டையில் மீனுக்கு 70 யூரோ என்று போட்டிருந்தது. இருவருக்கும் போதும் என்று சொன்னார்கள். பில்லில் மீனுக்கு மட்டும் 98 யூரோ! ஏமாற்றிவிட்டார்களா? — வாசகர், மதுரை

பதில்: கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, மீன்தான் உங்களுக்குப் பெரிது. அட்டையில் இருந்தது கிலோ விலை. 98-ஐ 70-ஆல் வகுத்தால் 1.4 கிலோ. கிரீஸில் முழு மீனை நிறுத்துத்தான் விற்பார்கள். நிறுப்பதும் சமைக்கும் முன், தலை, முள், பெரும்பாலும் குடலோடு. தட்டுக்கு வரும் சதை ஏறக்குறைய பாதிதான்.

ஆளுக்கு 350 முதல் 400 கிராம் பச்சை மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவருக்கும் 750 கிராம் போதும்: 52.50 யூரோ. அடுத்த முறை அட்டையை மூடிவிட்டு, மீனைக் காட்டச் சொல்லுங்கள். பனிக்கட்டிப் பெட்டி அடுக்களைப் பக்கம் இருக்கும், கூட்டிப் போவார்கள். காசிமேட்டில் பார்ப்பதுபோலவே பாருங்கள்: கண் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், அமுக்கினால் குழி விழக் கூடாது. நீங்களே ஒன்றைக் காட்டி, உங்கள் முன்னால் நிறுக்கச் சொல்லி, எடையையும் மொத்த விலையையும் கேட்ட பிறகுதான் தலையாட்ட வேண்டும். ‘உங்களுக்கு நான் நல்லதாகப் பார்த்துத் தருகிறேன்’ என்று பரிசாரகர் சொன்னால், எடை அவர் இஷ்டம் என்று பொருள்.

இன்னொன்று. பெயருக்கு அருகில் நட்சத்திரக்குறியோ ‘கத்’ என்ற சுருக்கமோ இருந்தால் அது உறைய வைத்த சரக்கு. கணவாயும் இறாலும் பல கடைகளில் அப்படித்தான். ட்ஸிபூரா, லவ்ராகி இரண்டும் பெரும்பாலும் பண்ணை மீன். விலை குறைவாக இருக்கும், குற்றமில்லை. பண்ணை மீனுக்குக் கடல் மீன் விலை சொன்னால்தான் குற்றம்.

நம் நாக்குக்கு நான் சிபாரிசு செய்வது சின்ன மீன்கள். கவ்ரோஸ் என்பது நெத்திலிக்கு உறவு, சர்தெலா மத்திக்கு உறவு. இவற்றைத் தட்டுக் கணக்கில் விற்பார்கள், நிறுவையே கிடையாது. மாவில் புரட்டிப் பொரித்து எலுமிச்சையோடு வரும். பார்பூனி நம் நவரை மீன் குடும்பம். சிறிதாக இருந்தாலும் அதற்குக் கிலோ விலைதான், அதுவும் உச்சத்தில்.

கேள்வி: சுவ்லாகி, கீரோ, கலமாகி... எது என்ன? எங்கள் வீட்டில் பன்றியும் மாடும் சாப்பிட மாட்டோம். — வாசகர், காயல்பட்டினம்

பதில்: கம்பியில் கோத்துச் சுட்ட துண்டுக்கறிதான் சுவ்லாகி. ஏதென்ஸில் அந்தக் கம்பியைக் கலமாகி என்பார்கள். சுவ்லாகி என்று கேட்டால் பிட்டாவில் சுருட்டிய பொட்டலம் வரலாம். தெஸலோனிகியில் போய் கலமாகி கேட்டால் உறிஞ்சுகுழலா என்று கிண்டல் செய்வார்கள், அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. செங்குத்தாகச் சுழலும் அடுக்கிலிருந்து சீவுவது கீரோ.

பார்ப்பதற்கு ஷவர்மா போலிருந்தாலும், ஒன்றும் குறிப்பிடாமல் கேட்டால் வருவது அநேகமாகப் பன்றி. ‘ஹிரினோ’ பன்றி, ‘மொஸ்ஹாரி’ மாடு, ‘கொதோபுலோ’ கோழி, ‘அர்னி’ ஆட்டுக்குட்டி. பிஃப்தெகி, முஸாகா, பஸ்தித்ஸியோ மூன்றிலும் கொத்துக்கறி பெரும்பாலும் மாடு, சில சமயம் பன்றியும் கலந்தது. கோழி கேட்டாலும் அதே தட்டில், அதே கத்தியில்தான் வரும். ஹலால் வேண்டுமென்றால் தவெர்னா எனப்படும் உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் தேடாதீர்கள். ஏதென்ஸின் ஒமோனியா பக்கம் பாகிஸ்தானி, வங்காள, அரபுக் கடைகள் இருக்கின்றன.

கேள்வி: கேட்காமலே ரொட்டி வைத்து அதற்கும் காசு வாங்குகிறார்கள். டிப்ஸ் வேறு எவ்வளவு வைப்பது? — வாசகி, ஈரோடு

பதில்: அது ‘குவேர்’. தலைக்கு இவ்வளவு என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். ஒரு யூரோவை ஒட்டி இருக்கும். வேண்டாமென்றால் கூடை மேஜைக்கு வந்தவுடனே சொல்லிவிடுங்கள். பிய்த்த பிறகு பேச முடியாது. ஆனால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள் என்பேன். ஹொரியாதிகி சாலட் தீர்ந்த பிறகு தட்டின் அடியில் தக்காளிச் சாறும் எண்ணெயும் ஃபெட்டாத் தூளும் தேங்கி நிற்கும். அதில் ரொட்டியைத் தோய்ப்பதற்கு ‘பாபாரா’ என்று தனிப்பெயரே இருக்கிறது. அந்த ஒரு வாய்க்காகவே சாலட் வாங்கலாம்.

வரி விலைக்குள்ளேயே அடக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை, பில்லைச் சில்லறை நிரவிக் கொடுப்பதோ, நன்றாக இருந்தால் 5 முதல் 10 சதவீதமோ போதும், நோட்டாகக் கையில் கொடுங்கள். ரசீது தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்று அட்டையிலேயே ஓர் அறிவிப்பு இருக்கும். அது அலங்காரத்துக்கு அல்ல, சட்டம். பில்லைக் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள். எழுந்து போகச் சொல்வதுபோல ஆகுமே என்ற மரியாதை. ‘தோன் லொகர்யாஸ்மோ, பரகலோ’ என்று சொல்லும்வரை உட்கார்ந்தே இருப்பீர்கள். சில கடைகளில் பில்லோடு தர்பூசணியோ இனிப்போ வரும். அது உபசாரம், விலையில்லை.

கேள்வி: முஸாகா ஆறிப்போய் வந்தது. திருப்பி அனுப்பியிருக்கலாமா? — வாசகர், சேலம்

பதில்: வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் முறை. ஓவனிலிருந்து எடுத்துக் குறைந்தது அரை மணி நேரம் ஆற விடாமல் வெட்டினால், கத்தரி, கறி, பெஷமேல் (பாலும் மாவும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் குழம்பு) மூன்று அடுக்கும் சரிந்து கூழாகிவிடும். அந்த வெள்ளை பெஷமேல் மூடாக்கு பழங்காலத்தது அல்ல. 20-ஆம் நூற்றாண்டில் நிகோலாஸ் ட்ஸெலெமென்தெஸ் என்ற சமையல் ஆசிரியர் பிரெஞ்சுப் பழக்கத்தில் பரப்பியது. அவர் புகழ் எந்த அளவுக்கு என்றால், கிரேக்கத்தில் சமையல் புத்தகத்துக்கே ‘ட்ஸெலெமென்தெஸ்’ என்றுதான் பெயர். நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டியது, ஓரம் கொதித்து நடு ஜில்லென்று இருப்பதை. அல்லது அடியில் தண்ணீர் கட்டியிருப்பதை. முன்னது மைக்ரோவேவ், பின்னது ஃப்ரீசர்.

கேள்வி: கிரேக்கக் காபியில் பாதி கசடு. எப்படிக் குடிப்பது? — வாசகி, புதுச்சேரி

பதில்: சர்க்கரையைக் காய்ச்சும்போதே போடுவார்கள், ஆகவே கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும்: ‘ஸ்கேதோ’ சர்க்கரையில்லை, ‘மெத்ரியோ’ நடுத்தரம், ‘கிளிகோ’ இனிப்பு. வந்ததும் இரண்டு நிமிடம் தொடாதீர்கள், கலக்கவும் கூடாது. தூள் கீழே இறங்கியதும் மேலோடு உறிஞ்சிக்கொண்டே வந்து, கடைசி அரை அங்குலத்தைக் கோப்பையிலேயே விட்டுவிடுங்கள்.