ஒரே இட்லிக்கு இரண்டு விலை

கேள்வி: கும்பகோணத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்ன டிபன் ஹோட்டல் வைத்திருக்கிறோம். அப்பா தொடங்கியது, எட்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். இட்லி செட் 45 ரூபாய், ஜிஎஸ்டியோடு 47. எல்லாரும் 50 ரூபாய் நோட்டை நீட்டினால் மூன்று ரூபாய் சில்லறைக்கு எங்கே போவது? ஐந்து ரூபாய்க்குக் குறைந்த பாக்கி என்றால் மிட்டாய் கொடுப்போம், இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடுவோம். ஸ்கேன் பண்ணுகிறவர்களால் தொல்லை இல்லை, 47 என்றால் 47 வந்துவிடும். ரொக்கம் கொடுப்பவர்கள் தினமும் 80 பேர்தான். போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் பார்சல் வாங்க வந்த ஒரு அம்மாள் மூன்று ரூபாய்க்காகச் சண்டைக்கு நின்றார். அப்பா எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார். அன்றிலிருந்து கடைக்கு வருவதில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. காலம் மாறிவிட்டதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, அப்பாவை அப்புறம் பார்க்கலாம். ஸ்கேன் பண்ணுகிறவர்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்கு வாருங்கள்.

பெரியவர் ஒத்துவரமாட்டேன் என்கிறார் என்று தொடங்கும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பெரியவர் பக்கம்தான் நியாயம் என்பதற்கான சாட்சியை எழுதியவரே நடுவில் எங்காவது வைத்திருப்பார். நீங்களும் வைத்திருக்கிறீர்கள்.

கையில் நல்ல போன் இருப்பவருக்கு உங்கள் இட்லி 47 ரூபாய். இல்லாதவருக்கு 50. அதே தட்டு, அதே இட்லி, தொட்டுக்கொள்ள அதே கடப்பா. காலை ஆறு மணிக்கு உங்கள் ஊரில் ரொக்கம் நீட்டுகிறவர் யார்? நடவுக்குப் போகும் பெண், மூட்டை தூக்குகிறவர், கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பென்ஷன் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் தாத்தா. இருப்பதிலேயே இல்லாதவர்களாகப் பார்த்துத் தலைக்கு மூன்று ரூபாய் கூடுதலாக வாங்குகிறீர்கள். ‘80 பேர்தான்’ என்கிறீர்கள். ஒரு நாளைக்கு 240 ரூபாய், மாதம் 7,200. இந்தப் பணத்துக்குப் பில் உண்டா? மிட்டாய் கொடுத்தேன் என்று சொல்லாதீர்கள். அதை அவர்கள் கேட்கவில்லை, ஜாடியாக வாங்கும்போது உங்களுக்கு அடக்கமும் குறைவு.

45 ரூபாய்க்கு ஐந்து சதவீத வரி 2 ரூபாய் 25 பைசா. 50 பைசாவுக்குக் குறைந்ததை விட்டுவிடச் சொல்வது வரிச் சட்டமே. அதனால்தான் உங்கள் பில்லில் 47 என்று வருகிறது. அரசாங்கமே 25 பைசாவை விட்டுக்கொடுக்கிற இடத்தில், கல்லாவில் உட்கார்ந்து மூன்று ரூபாயைப் பிடித்துக்கொள்கிறீர்கள். அந்த அம்மாள் 1915க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் கொடுக்கமாட்டார், தஞ்சாவூர் ஆணையத்துக்கு அலையமாட்டார் என்ற தைரியம்தானே? காரில் வந்து இறங்கும் ஒருவர் ‘மூன்று ரூபாய் எங்கே?’ என்று கேட்டால் மேஜை டிராயரில் சில்லறை கிடைத்துவிடும். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

சில்லறைத் தட்டுப்பாடு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கும் அதே ஊர்தானே? பெரிய கோயில்கள் இத்தனை இருக்கிற ஊரில், வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சாயங்காலம் ஆனால் நாணயத்தை நோட்டாக மாற்ற வேண்டியிருக்கும். வங்கிக்கு வாரம் ஒரு முறை ஆள் அனுப்புங்கள், தராவிட்டால் மேனேஜரிடம் கேளுங்கள். ஒரே கணக்கில் 1,000 ரூபாய் வரை நாணயமாகக் கொடுத்தாலும் செல்லும் என்று 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் சொல்கிறது. அதனால் யாராவது நாணயமாகக் கொட்டினால் முகம் சுளிக்காமல் வாங்கிப் போடுங்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெரு ஹோட்டல்காரர் கடை மூடுமுன் நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி, பேப்பரில் சுருட்டி, நாளைக்கு என்று ஓரமாக வைப்பார். அரை மணி நேர வேலை. அதைச் செய்ய மனசில்லாமல் தட்டுப்பாடு என்கிறோம்.

இதெல்லாம் முடியாது என்றால் வரியையும் சேர்த்து 50 ரூபாய் என்று போர்டில் எழுதிவிடுங்கள். விலை வைப்பது உங்கள் உரிமை, அந்த 50க்குப் பில்லும் போடுங்கள். பார்த்துவிட்டு வேண்டுமென்பவர் சாப்பிடட்டும். வேண்டாமென்பவர் அடுத்த கடைக்குப் போகட்டும். 47 என்று சொல்லி உட்காரவைத்து 50 வாங்காதீர்கள்.

சரி, அப்பா. அவருக்குப் புரியாதது எதுவும் இல்லை தம்பி. தன் பெயரில் நடக்கிற கடையில் ஒரு ஏழைப் பெண் பாக்கிக்குக் கை நீட்டி நின்றதைப் பார்த்தார், அவ்வளவுதான். பிள்ளையை நாலு பேர் முன்னால் திட்டியிருக்க வேண்டாம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தம்மாள் அவமானப்பட்டதும் நாலு பேர் முன்னால்தானே? தகப்பன் அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்தான் தப்பு. இத்தனை நாள் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் காலம் மாறிவிட்டது என்று பாடம் நடத்தப் போகாதீர்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். இன்று ராத்திரி சில்லறைப் பையையும் கல்லாச் சாவியையும் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வையுங்கள். ‘காலையில் வந்து உட்காருங்கள்பா’ என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்சல் வாங்க அந்த அம்மாள் மறுபடியும் வரக்கூடும். மூன்று ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருங்கள். வந்தால் பையனிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே எழுந்து போய்க் கையில் கொடுங்கள்.