தசை முடிச்சு வலி, கரண்ட் வைத்தால் ஏன் குறைகிறது?

தோள்பட்டையைத் தடவினால் பட்டாணி மாதிரி கையில் தட்டுப்படும் ஓர் இடம், அழுத்தினால் வலி கழுத்தேறித் தலைவரை போகும், அதுதான் ட்ரிக்கர் பாயிண்ட். கோத்தகிரியில் நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் அக்காக்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஓய்வில்லாமல் இறுகிக் கிடக்கும் தசைநாருக்கு ரத்தம் சரியாகப் போகாது, அதனால் இறுக்கமும் விடாது என்பதுதான் பொதுவான விளக்கம். டென்ஸ் (TENS) என்ற சிறு மின்கருவியின் பட்டைகளைத் தோலில் ஒட்டி லேசான மின்துடிப்பு கொடுத்தால், அந்தக் குறுகுறுப்பு முதுகுத்தண்டில் வலிச் செய்தியை வழிமறிக்கிறது. 1965-இல் மெல்சாக் (Melzack), வால் (Wall) என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன 'வாசல்' கருத்து இதுதான். முழங்கையை இடித்துக்கொண்டதும் பரபரவெனத் தேய்க்கிறோமே, அதே சங்கதி. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். அப்புறம், கரண்ட் முடிச்சைக் கரைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது வலியை அடக்குகிறது, அவ்வளவுதான், வலி தணிந்திருக்கும் அந்த நேரத்தில் தசையை மெதுவாக நீட்டிவிட வேண்டியது நாம்தான்.